மானுக்கு ஓர் ஊட்டி

சாப்பிடுகிற எவரையும் அவர் பார்க்க மாட்டார்.

அடுத்தடுத்த அறைகளில் ஒன்றரை வருஷம் இருந்தோம். ஒரே அடுப்பில் சமைத்தோம். ஆனால் நான் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டு நானும் பார்த்ததில்லை. நான் தட்டை எடுத்ததும் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். விறகு அடுக்கப் போவார். அடுக்கிய விறகையே மறுபடியும் அடுக்குவார். ஒரு வேலையும் கிடைக்காவிட்டால் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பேச்சு மட்டும் நிற்காது. "ரசம் ஊத்திக்கிட்டீங்களா கிராணியாரே? ஊறுகா அந்த மங்குல இருக்கு, பாருங்க" என்று அவருடைய முதுகு எனக்கு உபசாரம் செய்யும்.

ரப்பர் தாள்களுக்குப் புகை போடும் கொட்டகையில் தீ பார்ப்பதுதான் அவர் வேலை. தீவின் வடக்கே, மண்டாயைத் தாண்டி, ஜொகூர் நீரிணையை ஒட்டியிருந்த பழைய தோட்டம் அது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிய கையோடு நான் அங்கே சின்னக் கிராணியாகப் போனேன். தோட்டத்தில் எழுத்தர்களுக்குக் கிராணி என்றுதான் பெயர். என் அப்பா சிராங்கூன் ரோட்டுப் பக்கம் தெருக்கூட்டும் தொழிலாளி. அம்மா கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். என் அப்பா வயதுள்ள ஒருவர் என்னைக் "கிராணியாரே" என்று கூப்பிடும்போது கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்யும்.

கொட்டகை வாசலில் ஒரு கறுப்பு நாய் கிடக்கும். அதற்கும் அதே மரியாதைதான். சோற்றை வைப்பார், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "மாமா நாயோட கா விட்டுட்டாரு" என்று தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் கை கொட்டிச் சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். நகரத்துக்கு வந்து நாலு வருஷமாயிற்று என்றார். சாப்பாட்டுக் கடையில் நீள மேசைகளில் ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்து ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

பரிமாறுகிற பையன் வாய்த்துடுக்கு. "என்னண்ணே, சுவத்துக்கும் ஒரு எலை போடவா?" என்று கேட்டான்.

"போடு லா. அதுக்குப் பொரியல் வேணாம்" என்றார் அவர், திரும்பாமலே.

கடை முழுக்கச் சிரித்தது. எனக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று. படித்தவனோடு வந்தவர் இப்படி நடந்துகொள்கிறாரே என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் அதை எழுதிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் நானாகவே காரணம் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே ஒருவன் கஞ்சி குடித்தால் சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டே நிற்பார்களாம்.

"பாத்துக்கிட்டே இருந்தா திங்கிறவனுக்கு எறங்காது கிராணியாரே. பாக்கிறவனுக்கும் ஆறாது."

அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். நானும் பிறகு கேட்கவில்லை.

நான் போன மறு வருஷமே தோட்டத்தை மூடப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. மரங்கள் கிழடு தட்டிவிட்டன. நிலம் வேறு எதற்கோ போகிறது. குடும்பம் உள்ளவர்கள் ஆளுக்கொரு வழி பார்த்துக்கொண்டார்கள். சிலருக்கு ஜொகூர்த் தோட்டங்களில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சிலர் அடுக்குமாடி வீட்டுக்கு மனுப் போட்டார்கள்; அந்த மனுக்களையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு எழுத எதுவும் இல்லை. பெண்டாட்டி, பிள்ளை, பங்காளி என்று மனுவில் நிரப்புவதற்கு ஒரு பெயர்கூட அவரிடம் இல்லை.

அவருக்கு இருந்தது துரையின் வாக்கு ஒன்றுதான்.

எங்கள் துரை ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். வேட்டைப் பைத்தியம். பங்களாச் சுவரில் காட்டெருமைத் தலை ஒன்று, பன்றிப் பற்கள் ஒரு ஜோடி. மான் கொம்பு மட்டும் இல்லை. இந்தத் தீவில் மானே கிடையாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள், கடலுக்குள் கழி நட்டுக் கட்டிய கேலோங்கில் மீன் பிடிக்கும் சீனக் கிழவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, ஜொகூர்க் கரையிலிருந்து ஒரு பெரிய மான் நீந்தி வந்து சதுப்புக்குள் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் சேற்றில் குளம்படி இருந்தது. ஒரே ஒரு மானின் அடி.

துரை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கொட்டகையில் ராப்பகலாக இருப்பவர், காட்டோரத்தில் திரிபவர், பொறுமைசாலி என்பதால். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். கம்பெனிக்கு ஆற்றங்கரையில் கிடங்கு ஒன்று இருக்கிறது. அங்கே காவலாளி வேலை, தங்க அறையோடு. துரை கப்பலேறுவதற்குள் அந்த மானைத் துப்பாக்கிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினால் அந்த வேலையும் அறையும் அவருக்கு.

"நெசமாவா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார்.

"கை குடுக்கிறாரு பாருங்க."

துரை நீட்டிய கையை அவர் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

துரையிடம் ஒரு வேட்டைப் பத்திரிகை இருந்தது. மானை ஓர் இடத்துக்கு வரப் பழக்க எந்த மாதிரிச் சாதனம் வைக்கலாம், எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது என்று படத்தோடு நாலு பக்கம். அதைத் தமிழில் அவருக்குச் சொல்லும்படி எனக்கு உத்தரவு. அன்று சாயங்காலம் கொட்டகை வாசலில் பத்திரிகையை விரித்தேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'ஃபீடர்' என்பதற்கு என்ன சொல்வது? தீனித்தொட்டி என்று சொல்லியிருக்கலாம். வந்து மாட்டிக்கொள்வதற்குத்தானே, பொறி என்றே சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இலக்கணத்தில் பித்து. யோசித்து, யோசித்து, "ஊட்டி" என்றேன்.

"ஊட்டியா? அது வெள்ளக்காரன் வெயிலுக்குப் போற ஊருல்ல?"

"அந்த ஊட்டி இல்லண்ணே. வழியைக் காட்டுறது வழிகாட்டி. படகை ஓட்டுறவன் படகோட்டி. அதுபோல ஊட்டுறது ஊட்டி."

அவர் தீயில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டார்.

"ஊட்டுறதுன்னா... பிள்ளைக்கு ஊட்டுறது."

"ஆமாண்ணே."

"அப்ப மானுக்கு நாம ஊட்டப் போறோம்."

"ஆமா. துரை சுடுறதுக்கு" என்றேன். இரண்டாவது பாதியை மெதுவாகத்தான் சொன்னேன். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது.

அன்றிலிருந்து அது ஊட்டிதான். தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் அவர் இலைதழைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தால், பால்வெட்டுக்குப் போகும் அக்கா ஒருத்தி லயத்து வாசலிலிருந்து குரல் கொடுப்பாள்: "என்னண்ணே, ஊட்டிக்கா? கம்பளி எடுத்துக்கிட்டீங்களா?"

"நீயும் வா லா, குதிரப் பந்தயம் பாக்கலாம்" என்பார் அவர்.

பத்திரிகையில் மூன்று மாதிரி போட்டிருந்தது. மூன்று கால் வைத்த எண்ணெய்ப் பீப்பாய். அடியில் ஸ்பிரிங் வைத்த சக்கரம் சுற்றி மக்காச்சோளத்தை வாரி இறைக்கும். இரண்டாவது, தரையில் வைக்கும் மரத்தொட்டி. மூன்றாவது கம்பிவலைக் கூடை. துரைக்குப் பீப்பாய்தான் பிடித்தது. இயந்திரம் அல்லவா. அவருக்கோ முதலிலேயே பிடிக்கவில்லை. "சத்தம் போட்டுத் தீனி போட்டா மான் வராது, கோழிதான் வரும்" என்றார். இருந்தாலும் துரை சொல், செய்தோம். முதல் நாள் குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து பார்த்தன. மூன்றாம் நாள் ஒரு கடுவன் குரங்கு இறங்கி வந்து சக்கரத்தைக் கையாலேயே சுற்றக் கற்றுக்கொண்டது. பீப்பாயைத் தூக்கிக்கொண்டு வரும்போது, "உங்க கிளாஸ்ல படிச்சிருக்கும் கிராணியாரே" என்றார்.

மரத்தொட்டியைப் பன்றிகள் ஒரே ராத்திரியில் கவிழ்த்துப் போட்டன. கூடை மழையில் நனைந்து, உள்ளே இருந்த தீனி புளித்துப் போயிற்று.

பிறகுதான் அவர் தன் யோசனையில் இறங்கினார். பத்திரிகையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய பால்வாளி ஒன்றை எடுத்தார். மரப்பால் சுமந்து சுமந்து உள்ளே தோல்போலப் படிந்திருந்த வாளி. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யவே இரண்டு நாள் ஆயிற்று. வாய் அகலமாக இருக்கட்டும் என்று விளிம்பை வெட்டி மடக்கினார். கொம்பு இடிக்கக் கூடாதாம், நாக்கில் தகரம் கிழிக்கக் கூடாதாம். இரண்டு மரங்களுக்கு நடுவே கம்பி கட்டி, தன் நெஞ்சு உயரத்தில் வாளியைத் தொங்கவிட்டார். பன்றிக்கு எட்டாது. குரங்கு இறங்கும் கம்பியில் காட்டுப் பிரம்பின் முள்தண்டைச் சுற்றினார். மேலே சாய்வாக ஒரு தகரத் துண்டு, மழைக்கு. பக்கத்திலேயே ஒரு சாக்குப் பையில் கல்லுப்பைக் கட்டித் தொங்கவிட்டார். மழைத்தூறலில் உப்பு கரைந்து கீழே மண்ணில் சொட்டும். "தீனி தீந்து போனாலும் மண்ணு ருசிக்கும்" என்றார். கடற்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புகையை ஊதிப் பார்த்து, மூன்று தடவை இடத்தை மாற்றினார்.

தினமும் சாயங்காலம் புதுத் தீனி. வள்ளிக்கிழங்குக் கொடி, பலாத்தோல், சீனர் தோட்டத்தில் கேட்டு வாங்கிய கோஸ் இலை. ஐந்து வாரம் எதுவும் வரவில்லை. அடுத்த நாள் போய் வாடியதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பார்.

"வராத மானுக்கு எதுக்குண்ணே தினமும் மாத்துறீங்க?" என்றேன்.

"விருந்தாளி வரலேங்கிறதுக்காக ஊசினதையா வச்சிருக்கிறது?"

ஒரு காலை அலுவலக வாசலில் வந்து நின்றார். உள்ளே வர மாட்டார். "வந்துருக்கு" என்றார்.

"பாத்தீங்களா?"

"மண்ண நக்கியிருக்கு." முகமெல்லாம் சிரிப்பு. "ருசி கண்ட ரூசா இனி விடாது."

ரூசா என்றால் மலாயில் மான். பூனையை எடுத்துவிட்டு ரூசாவைப் பழமொழிக்குள் கட்டிவிட்டார். அந்தச் சொல்லையும் தோட்டம் எடுத்துக்கொண்டது. கடன் கேட்டுத் திரும்பத் திரும்ப வருபவனுக்குக்கூட அதுதான் பெயர்.

இரண்டு மூன்று மாதம் ஓடிற்று. மான் தினமும் வருகிறது என்றார். துரைக்கு அவசரம். கொம்பில் எத்தனை கிளை, எவ்வளவு நீளம் என்று கேட்டுச் சொல் என்றார். நான் போய்க் கேட்டேன்.

"பாக்கலையே" என்றார்.

"என்னண்ணே, தினமும் அங்கதான உட்காந்திருக்கீங்க?"

"உட்காந்திருப்பேன். அது திங்கும்போது பாப்பாங்களா?"

என்னால் நம்ப முடியவில்லை. தீனியை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி, ஊட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். பின்னால் அது வந்து தின்றுவிட்டுப் போகுமாம். வலது முன்கால் கொஞ்சம் நொண்டும் என்றார். கோஸ் இலை என்றால் அவசரம், கொடி என்றால் நிதானம் என்றார். பெருமூச்சு விட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தமாம். எல்லாம் காதால் தெரிந்துகொண்டது. மானை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஆகவே நான் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

"நீங்க இப்படியே வந்தா வராது. உங்க பவுடர் வாசனை ஜொகூர் வரைக்கும் போவும்" என்றார். தன் சட்டை ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். வருஷக்கணக்காகக் கொட்டகைப் புகையில் ஊறிய சட்டை. பழுப்பேறி, வேகவைத்த மாதிரி இருந்தது. மானுக்கு அவருடைய மனித வாசனை தெரியாது. புகை வாசனைதான் தெரியும். புகை வந்தால் சோறு வந்துவிட்டது என்று அதற்குக் கணக்கு.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்தபோது அது வந்தது. வந்ததே தெரியவில்லை, அங்கே நின்றது, அவ்வளவுதான். ஈரத்தில் கறுத்த உடம்பு. கொம்பு இரண்டு பக்கமும் மும்மூன்று கிளையாக, பழைய மரவேர்போல. இடது காது கிழிந்திருந்தது. வாளிக்குள் முகத்தை வைத்து மென்றது. பத்தடி தள்ளி அவர் முதுகு. ஒரு தடவை அது தலையைத் தூக்கி அந்த முதுகை வெகுநேரம் பார்த்தது. பிறகு மறுபடியும் குனிந்து தின்றது. இந்தத் தீவில் அதற்கு வேறு யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு வந்தது. ஆனால் கொம்பின் கிளைகளை எண்ணிக்கொள்ள நான் மறக்கவில்லை.

திரும்பி வரும்போது, "பெரிய கொம்பு அண்ணே. துரை மயங்கிடுவாரு. ரூம் உங்களுக்குத்தான்" என்றேன்.

"எங்க வச்சுச் சுடுவாரு?"

"ஊட்டிகிட்டதான்."

"திங்கிறப்பவா?"

"அதுக்குத்தானேண்ணே கட்டினோம்."

கொஞ்ச தூரம் நடந்தார். "ஓடுறப்ப சுட மாட்டாரா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

துரை பரண் கட்டச் சொன்னார், அவர் கட்டிக் கொடுத்தார். மூன்று சாயங்காலம் துரை துப்பாக்கியோடு பரணில் உட்கார்ந்தார். கொட்டகையில் தன் வேலையைப் பார்க்கும்படி அவருக்குச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளும் மான் வரவில்லை. கப்பலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. துரை அலுவலகத்தில் எரிந்து விழுந்தார். அந்த ஆள் சும்மா கதை விடுகிறான், கிடங்குக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த அறை கிடைக்காவிட்டால் இவர் எங்கே போவார்? நானே துரையிடம் போய், மானுக்குப் புகை வாசனைதான் பழக்கம் என்றேன். நான் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்த்த கதையையும் சொன்னேன். துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சட்டையைக் கொண்டு வா, நானும் போட்டுக்கொள்கிறேன் என்றார். நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

கொட்டகையில் அவர் ரப்பர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். புரட்டுவதை நிறுத்தவில்லை.

"துரை என் சட்டையப் போடுவாரா?"

"போடுவாராம்ணே."

"கை பத்தாதே."

"அதெல்லாம் பாக்க மாட்டாரு. வாசனைதான் வேணும்."

"நீங்களா சொன்னீங்க?"

"உங்க ரூமுக்காகத்தாண்ணே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "காலைல குடுத்து விடுறேன்" என்றார்.

காலையில் சட்டை மடித்து, செய்தித்தாளில் சுற்றி என் வாசலில் இருந்தது. எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தேன். பாதி வழியில் தாள் பிரிந்தது. சட்டை கொக்குபோல வெளுத்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிச் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்து, தீயில் உலர்த்தாமல் வெளியே காற்றில் உலர்த்தியிருக்கிறார். மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. சவுக்கார வாசனை குப்பென்று அடித்தது.

வழியில் நின்றேன். திரும்பிப் போய், "என்னண்ணே இது?" என்று கேட்கலாம். துரையிடம் போய், இது ஆகாது என்று சொல்லலாம். இரண்டும் செய்யவில்லை. தாளை மறுபடியும் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

துரை மோந்து பார்த்துத் தலையாட்டினார். வாழ்நாள் முழுக்கச் சவுக்காரம் போட்டுக் குளித்தவருக்கு அது ஒரு வாசனையாகவே தெரியவில்லை போலிருக்கிறது. அந்தச் சட்டைக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் பரணில் உட்கார்ந்தார். மான் வரவில்லை. மூன்றாம் நாள் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்.

கொட்டகைக்குப் போய்க் கேட்டேன். "ஏண்ணே துவைச்சீங்க?"

"தொரைக்கு அழுக்குச் சட்டையக் குடுக்கலாமா கிராணியாரே? மரியாதையா?"

சொல்லிவிட்டுத் தீயைக் கிளறப் போய்விட்டார்.

பரண் காலியானதும் மான் மறுபடி வரத் தொடங்கியது. இப்போது அவர் வேறு வேலை ஆரம்பித்தார். ஒரு நாள் தீனியைப் பாதியாக்கினார். மறுநாள் அதிலும் பாதி. உப்புச் சாக்கை அவிழ்த்துவிட்டார். பிறகு ஒரு நாள் வாளி விளிம்பில் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பெண்ண தடவுவாங்கள்ல. அதான். நாளைக்கு நிலம் அளக்கிறவன், மரம் வெட்டுறவன் எல்லாம் வருவான். புகை வாசனைக்குச் சோறுன்னு நெனச்சு அது வந்து நின்னுடக் கூடாதுல்ல."

நாலாம் நாள் வாளியை அவிழ்த்தார். கம்பியை அவிழ்த்தார். முள்ளைக் கூடப் பொறுக்கி எடுத்தார். மான் மறுபடி ஜொகூருக்கு நீந்திப் போயிற்றா, காட்டுக்குள்ளேயே எங்கேயாவது கிடந்ததா, தெரியாது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

துரை கப்பலேறுவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார். கிடங்கில் காவலுக்கு இருக்கிறவனே சரக்குக் கணக்கும் எழுதினால் நல்லது என்று கம்பெனி நினைக்கிறதாம். உனக்கு ஆங்கிலம் தெரியும், நீயே எடுத்துக்கொள் என்றார். அவர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். துரை கையை அசைத்துவிட்டார். வீட்டில் சொன்னபோது அப்பா அழுதார். சந்துக்குள் ஒற்றை அறையில் ஆறு பேர் இருந்தோம். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, நான் தேடவில்லை.

அவரிடம் சொல்லப் போனேன். நான் தொடங்குமுன் அவரே சொன்னார்: "தெரியும். எடுத்துக்குங்க. வேற எவனோ போறதுக்கு நீங்க போனா நல்லதுதான."

"நீங்க எங்கண்ணே போவீங்க?"

"எங்கயாச்சும் பொகை போட ஆள் வேணும்னு சொல்லுவான்." சிரித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "ஒண்ணு பண்ணுங்க. அந்த ரூம்ல ஜன்னல் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"எதுக்குண்ணே?"

"சும்மாதான். நெனச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன், இத்தன நாளா. ஜன்னல வச்சும் நெனச்சேன், வைக்காமலும் நெனச்சேன். எது சரின்னு தெரிஞ்சா போதும்."

சனிக்கிழமை கிடங்குக்குப் போய்ச் சாவி வாங்கி அறையைத் திறந்து பார்த்தேன். திங்கட்கிழமை தோட்டத்துக்குத் திரும்பியபோது கொட்டகையில் தீ அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தகரப் பெட்டியோடு பாலம் தாண்டி ஜொகூருக்கு நடந்து போனார் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. பால்வெட்டும் அக்காவிடம் கேட்டேன். "சொல்லிட்டுப் போற ஆளா அது?" என்றாள்.

அந்த அறையில்தான் நான் இப்போதும் இருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது. கிழக்குப் பார்த்தது, கொஞ்சம் உயரம். நின்றால்தான் வெளியே தெரியும். நின்றால் ஆறு தெரிகிறது, பாரம் ஏற்றிய படகுகள் தெரிகின்றன, எதிர்க்கரையில் ஒரு மரம் தெரிகிறது. இதை அவரிடம் சொல்ல வேண்டும்.